அன்றாட ஒழுங்கும் ஆக்கச் சிந்தனையும்: தார்வினின் நாளொழுங்கை முன்வைத்து ஒரு நோக்கு

ஆக்கம் என்பது திடீரென வானினின்றும் இறங்கும் அருள் என்ற கருத்து எம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கவிஞன் நள்ளிரவில் விழித்திருந்து எழுதுவான். அறிஞன் ஊணும் உறக்கமும் மறந்து ஆராய்வான். நேரக்கணக்கும் ஒழுங்கும் எழுதுவினைஞர்க்கே உரியன. இவ்வாறு பலரும் எண்ணுகின்றனர். இது சுவையான கற்பனை என்ற அளவில் நின்றிருப்பின் நாம் அதனையிட்டுக் கவலைகொள்ள வேண்டியதில்லை. ஆனால், எமது பல்கலைக்கழக வாழ்வில் இக்கற்பனை ஒரு வழக்கமாகவே வேரூன்றியுள்ளது. பரீட்சைக் காலம் நெருங்கியதும் விடுதி அறைகளின் விளக்குகள் விடியும்வரை எரிகின்றன. இரவு முழுவதும் கண்விழித்துப் படித்தமை பெருமையோடு பேசப்படுகின்றது. அதிகாலை மூன்று மணிக்குப் படித்த விடயம் ஒன்பது மணிக்குப் பரீட்சை மண்டபத்தில் நினைவுக்கு வராது தவித்த அனுபவம் எம்மிற் பலருக்கு உண்டு. இக்கட்டுரையை எழுதும் நாமும் அதற்கு விலக்கானவர்கள் அல்லர்.

ஆக்கச் சிந்தனைக்கும் ஒருமுகப்பட்ட கவனத்திற்கும் அன்றாட வாழ்வின் ஒழுங்கு எவ்வாறு துணைசெய்கின்றது என்பதே இங்கு எமது ஆய்வுப்பொருள். இதனை வெறும் அறிவுரையாகக் கூறுவது எமது நோக்கமன்று. முதலில், நன்கு பதிவுசெய்யப்பட்ட ஓர் அறிஞரின் நாளொழுங்கை நோக்குவோம். அடுத்து, அவ்வொழுங்கு பயனளித்தமைக்கான காரணங்களை உடற்றொழிலியலும் உளவியலும் எவ்வாறு விளக்குகின்றன என ஆராய்வோம். இறுதியாக, அத்தகைய ஒழுங்கு யாருக்கு வாய்க்கும், யாருக்கு வாய்க்காது என்ற வினாவையும் எழுப்புவோம். இவ்வினாவை விடுத்து ஒழுங்கைப் பற்றி மட்டும் பேசுவது பாதி உண்மையையே பேசுவதாகும்.

1. தார்வினின் ஒரு நாள்

சார்ள்ஸ் தார்வின் 1842ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலண்டனை விட்டு நீங்கி, கென்ற் மாவட்டத்தின் டவுண் என்னும் சிற்றூரிற் குடியேறினார். 1882இல் இறக்கும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அவர் வாழ்ந்ததும் உழைத்ததும் அவ்வில்லத்திலேயே ஆகும். அவருடைய மகன் பிரான்சிசு 1887இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் தந்தையின் ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பதை நுணுக்கமாக விவரித்துள்ளார்.

தார்வின் அதிகாலையில் எழுந்து சிறிது தூரம் உலாவி வருவார். ஏழே முக்கால் மணியளவிற் தனியே காலையுணவு. எட்டு மணி முதல் ஒன்பதரை வரை எழுத்தறையில் வேலை. இவ்வொன்றரை மணி நேரத்தையே தமக்கு மிகச் சிறந்த வேளைகளுள் ஒன்றாக அவர் கருதினார். ஒன்பதரைக்குக் கூடத்திற்கு வந்து கடிதங்களைப் பார்ப்பார். சாய்விருக்கையிற் படுத்தவாறு பிறர் நாவல் வாசிக்கக் கேட்பார். பத்தரைக்கு மீண்டும் வேலை. நண்பகல் ஆனதும் அன்றைய முக்கிய வேலை முடிந்துவிட்டதாகவே கொள்வார்.

பின்னர் நடை. வீட்டுக்கு அண்மையில் 1846இல் குத்தகைக்குப் பெற்ற நிலத்தில் மரங்களை நாட்டி, மணற்பாதை ஒன்றை அவர் அமைத்திருந்தார். அப்பாதையை நாள்தோறும் பலமுறை சுற்றி வருவார். சுற்றுகளைக் கணக்கிடுவதற்காகப் பாதையோரத்திற் சில கற்களைக் குவித்து வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவார் என்பர். எண்ணிக்கையில் மனத்தைச் செலுத்தாது சிந்தனையில் ஆழ்ந்திருப்பதற்கு இஃது எளிய உத்தியாகும். பகலுணவுக்குப் பின் செய்தித்தாள், கடிதங்களுக்கு மறுமொழி. மூன்று மணிக்கு ஓய்வு. நான்கு மணிக்கு மீண்டும் நடை. நாலரை முதல் ஐந்தரை வரை வேலை. இரவுணவின் பின் மனைவி எம்மாவுடன் இரண்டு ஆட்டம் பகடை. பத்தரைக்குப் படுக்கை.

இப்பகடை ஆட்டத்திற்கூட அவர் ஒழுங்கு தவறியதில்லை. 1876இல் நண்பர் ஆசா கிறேக்கு எழுதிய கடிதத்தில், தாம் வென்றவை 2,795 ஆட்டங்கள், எம்மா வென்றவை 2,490 மாத்திரமே எனக் கணக்குக் காட்டியுள்ளார்.

மேற்கூறிய வேளைகளைக் கூட்டிப் பார்ப்போமாயின், தார்வின் ஆழ்ந்த வேலையிற் செலவிட்டது நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரமே என்பது தெரியவரும். அந்நான்கு மணி நேரத்திலேயே கொட்டலசுகள் எனப்படும் கடல்வாழ் உயிரினங்கள் பற்றிய நான்கு நூல்களும், 1859இல் வெளியாகிய உயிரினங்களின் தோற்றம் பற்றிய பெருநூலும், 1881இல் வெளியான மண்புழுக்கள் பற்றிய இறுதி நூலும் உருப்பெற்றன. நான்கு மணி நேரம் என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அது நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து வந்த நான்கு மணி நேரம் என்பதை நாம் மறத்தல் கூடாது.

இன்னொன்றும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. தார்வின் உடல்நலம் மிக்கவர் அல்லர். வாந்தி, தலைச்சுற்று, களைப்பு என்பன அவரை வாழ்நாள் முழுவதும் வருத்தின. அவருடைய நோய் யாதென இன்றுவரை அறிஞரிடையே ஒத்த கருத்தில்லை. இரவுகளிற் பலகாலும் உறக்கம் வராது துன்புற்றார். எனவே, அவருடைய நாளொழுங்கு நலமிக்க உடலின் அடையாளமன்று. நலிந்த உடலிலிருந்து கிடைக்கக்கூடிய தெளிவான சில மணி நேரங்களைக் காத்துக்கொள்வதற்கு அமைக்கப்பட்ட வேலியே அது. நோய் தமது வாழ்வின் சில ஆண்டுகளை அழித்ததெனினும், சமூகக் கேளிக்கைகளின் கவனச் சிதறலினின்றும் தம்மைக் காத்தது எனத் தன்வரலாற்றில் அவரே குறிப்பிடுகின்றார்.

2. ஓய்விற் பிறக்கும் எண்ணங்கள்

தார்வின் நடந்த நேரத்தையும் படுத்திருந்து கதை கேட்ட நேரத்தையும் வீணான நேரம் எனக் கொள்ளலாமா? இவ்வினாவுக்கு விடைகாண இருவருடைய அனுபவங்கள் எமக்கு உதவுகின்றன.

ஜேர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்சு 1891இல் தமது எழுபதாவது பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையிற் தமக்குக் கருத்துக்கள் தோன்றிய விதத்தை விளக்கினார். பிரச்சினையை எல்லாப் பக்கங்களிலிருந்தும் புரட்டிப் பார்த்து, அது முழுமையாக மனத்திற் பதிந்த பின்னர், அவ்வுழைப்பின் களைப்பு நீங்க ஓய்வு வேண்டும்; அதன் பின்னரே நல்ல எண்ணம் தோன்றும் என்றார். களைத்த மூளைக்கோ எழுதுமேசையில் அமர்ந்திருக்கும்போதோ அது வந்ததில்லை. காலையில் விழித்தெழும்போதும், வெயிலுள்ள நாட்களில் மரங்களடர்ந்த குன்றுகளில் மெதுவாக ஏறும்போதும் அது வந்தது. சிறிதளவு மதுவும் அதனை விரட்டிவிடும் எனவும் அவர் கூறினார்.

பிரெஞ்சுக் கணிதமேதை புவன்காரே 1908இற் கூறிய அனுபவம் இன்னும் நுணுக்கமானது. ஒருவகைச் சார்புகள் இருக்கவே முடியாது என நிறுவுவதற்குப் பதினைந்து நாட்கள் நாள்தோறும் மேசையிலமர்ந்து முயன்றார், முடியவில்லை. ஓரிரவு வழக்கத்திற்கு மாறாகக் கடுங்கோப்பி அருந்தினார், உறக்கம் வரவில்லை, எண்ணங்கள் கூட்டமாக எழுந்து ஒன்றோடொன்று மோதின, விடியுமுன் அத்தகைய சார்புகளின் ஒரு வகுப்பு உண்டென்பது தெளிவாயிற்று. பின்னர் புவிச்சரிதவியற் சுற்றுலா ஒன்றின்போது குத்தான்சு நகரிற் குதிரைவண்டியின் படியிற் கால்வைத்த கணத்தில் அடுத்த பெருங்கருத்து தோன்றியது. வேறொரு நாள் கடற்கரைக் குன்றில் உலாவும்போது மற்றொன்று தோன்றியது.

கண்விழிப்பை ஆதரிப்போர் புவன்காரேயின் கோப்பியைத் தமக்குச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அவருடைய கூற்றை முழுமையாக நோக்கினால் வேறொன்று புலப்படும். அவ்வோர் இரவுக்கு முன்னே பதினைந்து நாள் உழைப்பு நிற்கின்றது. ஏனைய இரண்டு வெளிச்சங்களும் பகலில், உடல் இயங்கிக்கொண்டிருக்க, மனம் வேறெங்கோ இருந்தபோது தோன்றியவை. அவர் நாள்தோறும் கணிதத்திற்கு ஒதுக்கியதோ முற்பகலில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி, ஆக நான்கு மணி நேரமே. தார்வினின் கணக்கோடு இஃது ஒத்திருப்பது கவனிக்கத்தக்கது.

இவ்விரு சான்றுகளையும் ஆதாரமாகக் கொண்டே ஆங்கில அறிஞர் கிரகாம் வாலசு 1926இல் வெளியிட்ட நூலில் ஆக்கச் சிந்தனையை நான்கு நிலைகளாகப் பகுத்தார். ஆயத்தம், அடைகாத்தல், வெளிச்சம், சரிபார்த்தல் என அவற்றை நாம் தமிழிற் கூறலாம். ஆயத்தமும் சரிபார்த்தலும் மேசையில் நிகழ்வன. அடைகாத்தலோ மேசையை விட்டு எழுந்தபின் நிகழ்வது. முட்டையே இடாத கோழி அடைகாத்துப் பயனில்லை. இட்ட முட்டையை மணிக்கொரு தரம் உடைத்துப் பார்ப்பதும் பயனில்லை.

நடைக்கும் எண்ணத்திற்குமுள்ள தொடர்பு பிற்காலத்தில் ஆய்வுகூடத்திலும் சோதிக்கப்பட்டது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அமர்ந்திருந்தோரைவிட நடந்தோர் ஒரு பொருளுக்குப் புதிய பயன்களைக் கூடுதலாகக் கண்டுரைத்தனர். நடந்து முடிந்து அமர்ந்த பின்னரும் அப்பயன் சிறிது நேரம் நீடித்தது. ஆனால் ஒரேயொரு சரியான விடையைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு நடை துணைசெய்யவில்லை. எண்ணங்களை விரித்துத் தேடுவதற்கு நடையும், தேடியவற்றைச் சீர்தூக்கி எழுதுவதற்கு மேசையும் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படுவது.

3. துயிலின் பணி

உறக்கத்தை விழிப்பின் இன்மை என்றே முன்னோர் பலரும் கருதினர். இக்கருத்து இருபதாம் நூற்றாண்டிற் பெரிதும் மாறியது. 1924இல் ஜெங்கின்சு, டலன்பாக் என்னும் உளவியலாளர் இருவர், பொருளற்ற அசைகளை மனனஞ்செய்த மாணவர் உறங்கியெழுந்தபின் எவ்வளவு நினைவுகூர்கின்றனர், அதேயளவு நேரம் விழித்திருந்தபின் எவ்வளவு நினைவுகூர்கின்றனர் என ஒப்பிட்டனர். உறங்கியபின் எஞ்சிய நினைவே மிகுதியாக இருந்தது. 1953இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைற்மனும் உறக்கத்தினிடையே கண்விழிகள் விரைந்தசையும் கட்டங்கள் உண்டென அறிவித்தனர். உறக்கம் ஒரேசீரானதன்று, ஏறத்தாழத் தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒருமுறை சுழன்று வரும் பல படிகளைக் கொண்டது என்பது இதன்வழித் தெளிவாயிற்று. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கமும் விடியலை அண்டிய பகுதியிற் கண்ணசைவு உறக்கமும் மிகுதி. எனவே, கடைசி இரண்டு மணி நேர உறக்கத்தைத் துறப்பவர், உறக்கத்தின் ஒருவகைப் படியிற் பெரும் பங்கை இழக்கின்றார்.

உறக்கம் பழையதைக் காப்பதோடு புதியதைக் காணவும் உதவும் என்பதற்கு 2004இல் வெளியிடப்பட்ட ஜேர்மானிய ஆய்வொன்று சான்றாகின்றது. எண் வரிசைகளைக் கொண்ட ஒரு கணக்கினைப் பங்குபற்றியோர் படிப்படியாகச் செய்தனர். அதிற் குறுக்குவழி ஒன்று மறைந்திருந்தது. அதனை எவருக்கும் கூறவில்லை. எட்டு மணி நேரம் உறங்கியபின் மீண்டும் முயன்றோருள் அக்குறுக்குவழியைக் கண்டோர் தொகை, விழித்திருந்தோரைப்போல் இருமடங்குக்கும் மேலாக இருந்தது.

இனி, உறக்கக் குறைவின் விளைவை நோக்குவோம். 1997இல் வெளியான ஆய்வொன்று, தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயற்றிறன், குருதியில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் செயற்றிறன் அளவுக்குக் குறைகின்றது எனக் காட்டியது. 2003இல் அமெரிக்காவிற் செய்யப்பட்ட மற்றோர் ஆய்வு இன்னும் முக்கியமானது. பதினான்கு நாட்கள் தொடர்ந்து நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதனினும் குறைவாகவோ உறங்கியோரின் கவனத்திறன், இரண்டு இரவுகள் வரை முற்றாக உறங்காதோர் நிலைக்குத் தாழ்ந்தது. ஆயினும் தமது திறன் அவ்வளவு தாழ்ந்ததை அவர்கள் பெரும்பாலும் உணரவில்லை. "எனக்கு நாலு மணித்தியால நித்திரை போதும்" எனக் கூறும் நண்பரை நாம் நம்பத் தயங்குவதற்கு இதுவே காரணம். தம் குறையை அளக்கும் கருவியும் அக்குறையினாலேயே மழுங்கிவிடுகின்றது.

எப்போது உறங்குவது என்பதும் எவ்வளவு உறங்குவது என்பதைப் போன்றே முக்கியமானது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த போர்பெலி 1982இல் முன்வைத்த விளக்கத்தின்படி, உறக்கத்தை இரண்டு விசைகள் ஆளுகின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரத்துடன் ஏறிக்கொண்டே செல்லும் உறக்க அழுத்தம். மற்றையது, ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியுடைய உடலின் உள்மணிக்கூடு. அம்மணிக்கூட்டின் மூலக்கூற்று இயக்கத்தைக் கண்டறிந்தமைக்காகவே 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. இவ்வுள்மணிக்கூட்டை நாள்தோறும் திருத்திவைப்பது முதன்மையாகக் காலையொளி. ஆண்டு முழுவதும் பகலின் நீளம் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே நிற்கும் எமது நாட்டில் ஞாயிறு இப்பணியைத் தவறாது செய்கின்றது. இரவிற் கண்ணெதிரே ஒளிரும் திரையே அதற்கு எதிராகச் செயற்படுகின்றது.

4. கவனத்தின் எல்லை

இரண்டாம் உலகப் போரின்போது கதுவீத் திரையை நோக்கியிருந்த படையினர் நேரஞ்செல்லச் செல்ல அடையாளங்களைத் தவறவிட்டனர். இதன் காரணத்தை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் உளவியலாளர் மக்வேர்த் 1948இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரே பணியில் விழிப்போடிருக்கும் ஆற்றல் முதல் அரைமணி நேரத்திலேயே குறிப்பிடத்தக்க அளவு வீழ்ந்துவிடுகின்றது. கவனம் என்பது மனவுறுதி ஒன்றினாலேயே நீடிக்கக்கூடியது அன்று என்பதனை இது புலப்படுத்துகின்றது.

1993இல் பேர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்த எரிக்சனும் அவருடைய துணைவரும், சிறந்த மாணவர்கள் இடைவேளைகளாற் பிரிக்கப்பட்ட அமர்வுகளில், பெரிதும் முற்பகலிற் தனித்துப் பயின்றதையும், ஏனையோரைவிடக் கூடுதலாக உறங்கியதையும் கண்டனர். முழுக்கவனத்தோடு செய்யும் பயிற்சிக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரமளவிலேயே எல்லை உண்டெனவும் அவர்கள் கருதினர். தார்வின், புவன்காரே ஆகியோரின் நான்கு மணி நேரம் மூன்றாவது முறையாகவும் எம்முன் தோன்றுகின்றது. இதனை இயற்கை விதியெனக் கொள்ளல் மிகை. ஆயினும் வெறுந்தற்செயல் எனத் தள்ளுதலும் பொருந்தாது.

ஒரு வேலையை முடிக்காது மற்றொன்றுக்குத் தாவும்போது, மனத்தின் ஒரு பகுதி முதல் வேலையிலேயே தங்கிவிடுகின்றது. இதனைக் கவனத்தின் எச்சம் எனப் பெயரிட்டு 2009இல் சோபி லெருவா விளக்கினார். கைத்தொலைபேசியின் ஒவ்வொரு மணியோசைக்கும் புத்தகத்தினின்றும் தலைநிமிரும் மாணவர் இழப்பது அந்த ஒரு நிமிடத்தை மாத்திரமன்று. மீண்டும் பொருளுக்குள் இறங்குவதற்கு வேண்டிய நேரத்தையுமாகும்.

5. தேநீரும் உணவும்

உடலின் நிறையில் ஏறத்தாழ இரண்டு வீதமேயான மூளை, ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஐந்திலொரு பங்கினை எடுத்துக்கொள்கின்றது. காலையுணவைத் தவிர்த்து வெறுந்தேநீருடன் விரிவுரைக்குச் செல்லும் வழக்கம் எம்மிடையே பரவலாக உள்ளது. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் சக்தியைத் தருவதில்லை. விழித்திருக்கும்போது மூளையிற் சேரும் அடினோசின் என்னும் பொருளே உறக்க அழுத்தத்தை உணர்த்துகின்றது. கஃபீன் அதன் வாயில்களை அடைத்துவிடுகின்றது. களைப்பு நீங்குவதில்லை, களைப்பின் செய்தியே தடுக்கப்படுகின்றது. வளர்ந்தவரின் உடலிற் கஃபீனின் அளவு பாதியாகக் குறைவதற்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் செல்லும். படுக்கைக்குச் செல்வதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன் அருந்திய மிகுந்த அளவு கஃபீனும் உறக்கத்தை ஒரு மணி நேரத்திற்கு மேலாகக் குறைத்ததென 2013ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டுகின்றது.

தேயிலை விளையும் நாட்டில் வாழும் நாம் தேநீரைத் துறக்க வேண்டும் என்பது எமது வாதமன்று. அதனைக் காலையிலும் பிற்பகலின் தொடக்கத்திலும் அருந்துவது தக்கது. சோற்றோடு சேர்த்து அருந்தாமை இன்னொரு காரணத்தாலும் நன்று. தேநீரிலுள்ள சில பொருள்கள் கீரை, பருப்பு முதலிய தாவர உணவுகளிலுள்ள இரும்பினை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கின்றன. இரும்புக் குறைவினால் உண்டாகும் சோர்வும் கவனக்குறைவும் பெண்களிடையே மிகுதி. அதனை மாணவிகளிற் சிலர் தமது அறிவின் குறையென எண்ணி வருந்துவதுமுண்டு. முன் உண்டது செரித்தமையறிந்து அளவோடு உண்பதைத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் வற்புறுத்துகின்றது. பிற்பகலின் மந்தநிலை உள்மணிக்கூட்டின் இயல்பே எனினும், அளவுமீறிய பகலுணவு அதனை மேலும் மிகுவிக்கும்.

6. ஒழுங்கு யாருடைய உழைப்பில்?

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, ஒழுங்காக வாழ்ந்தால் எவரும் தார்வினைப்போல் ஆகலாம் என முடிபு கொள்ளலாகாது. டவுண் இல்லத்தில் அந்த நான்கு மணி நேர அமைதியை ஆக்கித் தந்தோர் யார்? எம்மா பத்துப் பிள்ளைகளைப் பெற்றார். மூவரை இளமையிலேயே பறிகொடுத்தார். நோயுற்ற கணவரைப் பேணினார். நாவல் வாசித்துக் காட்டினார். சமையலாளரும் தோட்டக்காரரும் பணியாளரும் அவ்வில்லத்தில் உழைத்தனர். தந்தை வழிவந்த செல்வம் வருவாய்க் கவலையை நீக்கியது. ஒருவரின் ஒழுங்கான நாளுக்குப் பின்னாற் பலரின் ஓய்வற்ற நாட்கள் உள்ளன. எழுத விரும்பும் பெண்ணுக்குத் தனக்கென ஓர் அறையும் ஆண்டுக்கு ஐந்நூறு பவுண் வருவாயும் வேண்டுமென வேர்ஜீனியா வுல்ப் 1929இல் எழுதியது இதனை உணர்ந்தேயாகும்.

இதன் மறுபக்கத்தை இராமானுஜனின் வாழ்விற் காண்கின்றோம். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர் மரக்கறி உணவு மட்டும் உண்பவர்; தாமே சமைத்துக்கொண்டார். போர்க்காலத் தட்டுப்பாடு, பழகாத குளிர், தனிமை ஆகியவற்றினிடையே 1917இல் நோயுற்றார். 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்பிரல் 26ஆம் நாள் 32ஆவது வயதில் மறைந்தார். அவருடைய நோய் பற்றிப் பிற்கால மருத்துவர் வேறுபட்ட கருத்துக்கள் கூறுவதால், வாழ்க்கைமுறையே அவரைக் கொன்றது என நாம் துணிந்து கூறோம். நோய்ப்படுக்கையிலும் அவர் அரிய கணிதத்தைப் படைத்தார் என்பதும் உண்மையே. ஆனால், மேதைமை உடலை வென்றது என இதனைப் புகழ்வோர், அவ்வுடலைப் பேணுவதற்கு ஏற்ற உணவும் சூழலும் அவருக்கு வாய்க்காமற் போனதனால் உலகம் இழந்தது எவ்வளவு என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எமது மாணவரின் நிலையும் ஒன்றன்று. தோட்டத்து லயன் அறையொன்றில் அறுவரோடு ஒரு விளக்கைப் பகிர்ந்து படித்தவர் உண்டு. விடுமுறையில் வீடு சென்றதும் அடுப்படியே தமது நூலகமாகும் மாணவியர் உண்டு. மாலையில் வகுப்பெடுத்துக் குடும்பத்திற்குப் பணம் அனுப்புவோர் உண்டு. இவர்கள் இரவில் விழித்திருப்பது அறியாமையால் அன்று. வேறு நேரம் இன்மையால். அவர்களிடம் ஒழுங்கைப் போதிப்பதைவிட, அவர்களுக்கு நேரத்தையும் இடத்தையும் ஆக்கித் தருவதே முதற் கடமையாகும்.

7. எமது சூழலிற் செய்யத்தக்கன

மேலே ஆராய்ந்தவற்றிலிருந்து சில நடைமுறைகளைத் தொகுத்துக் கூறலாம்.

(அ) எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்தல். உறங்கும் நேரம் நாளடைவில் அதனைத் தொடரும். எழுந்தவுடன் சிறிது நேரம் வெளியொளியில் நிற்றல் நன்று. வளர்ந்தோர்க்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் வேண்டும்.

(ஆ) நாளின் தெளிவான வேளையில் மிகக் கடினமான வேலையைச் செய்தல். அது பெரும்பாலோர்க்கு முற்பகலாகவும் சிலர்க்கு மாலையாகவும் இருக்கலாம். அவ்வேளையிற் கைத்தொலைபேசி மற்றோர் அறையில் இருக்கட்டும்.

(இ) மனம் தடைப்பட்ட இடத்தில் மேசையை விட்டெழுந்து நடத்தல். ஹெல்ம்ஹோல்ற்சு தேடிய மரமடர்ந்த குன்றுகள் பேராதனை மாணவர்க்கு ஹந்தானைச் சாரலில் வாயிலருகேயே உள்ளன. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வெயில் தணிந்த மாலையும் கடற்காற்றும் அப்பணியைச் செய்யும்.

(ஈ) பரீட்சைக்கு முந்திய இரவில் உறங்குதல். கண்விழித்துச் சேர்ப்பதிலும் உறங்கிக் காப்பது மிகுதி.

(உ) பொறுமை. 2010இல் வெளியான ஆய்வொன்றின்படி, ஒரு புதிய பழக்கம் தன்னியல்பாக அமைவதற்கு இடைநிலையாக 66 நாட்கள் சென்றன. சிலர்க்கு 18 நாட்களும் சிலர்க்கு 254 நாட்கள் வரையும் தேவைப்பட்டன. இடையே ஒரு நாள் தவறியமை பழக்கத்தைக் குலைக்கவில்லை. ஆதலால், ஒரு நாள் தவறியமைக்காக முழு முயற்சியையும் கைவிடுதல் ஆகாது.

இவை தனியாளுக்குரியன. நிறுவனங்களுக்கும் இங்குப் பங்குண்டு. நூலகம் விடுமுறை நாட்களிலும் திறந்திருத்தல், விடுதிகளில் அமைதியான வாசிப்பறை, பரீட்சைகள் ஒரே வாரத்தில் நெருங்கி வாராதவாறு அட்டவணை அமைத்தல் ஆகியன எந்த அறிவுரையிலும் கூடிய பயனளிக்கும். தமிழ்ச் சங்கங்களாகிய நாமும் எம்மை நோக்கி ஒரு வினா எழுப்புதல் தகும். எமது நாடக ஒத்திகைகளும் செயற்குழுக் கூட்டங்களும் நள்ளிரவைத் தாண்டி நீள்வதே உற்சாகத்தின் அடையாளம் என நாம் கருதி வந்துள்ளோம். மறுநாட் காலை விரிவுரை மண்டபத்தின் பின்வரிசைகளில் அவ்வுற்சாகத்தின் விலையைக் காணலாம். எட்டு மணிக்குத் தொடங்கவேண்டிய கூட்டத்தை ஆறு மணிக்குத் தொடங்குவது எமது கையிலேயே உள்ளது.

முடிவுரை

ஒழுங்கு ஆக்கத்தைப் படைப்பதில்லை. அது வருவதற்கான வழியைத் திறந்து வைக்கின்றது. மணற்பாதையைச் சுற்றிய ஒவ்வொரு நாளும் தார்வினுக்குப் பெருங்கருத்து தோன்றியதில்லை. பெரும்பாலான நாட்களிற் கல்லைத் தள்ளிவிட்டு, நடந்து முடித்து, வீடு திரும்பினார். ஆனால் கருத்து வந்த நாளில் அதனை ஏற்கத்தக்க தெளிவோடு அவர் அங்கிருந்தார். அத்தெளிவு மேதைகளின் தனியுடைமை அன்று. ஓரளவு உறக்கம், ஓரளவு நடை, வேளைக்கு உணவு, இடையூறற்ற சில மணி நேரம் ஆகியவற்றால் அமைவது அது. இவற்றை எம்மால் இயன்றளவு நாமே தேடிக்கொள்வோம். அவை வாய்க்காத எம்மவர்க்கு வாய்க்கச் செய்வதையும் எமது கல்விப் பணியின் ஒரு பகுதியாகக் கொள்வோம்.